ஒன்பதாவது குழி எங்கே இருந்தது?

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணுமாம். என் வீட்டுக்காரர் திருடலைங்க" என்றாள் வந்தவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சர்வேயர் முப்பது வருஷம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர்; இப்போது ஊரில் சிக்கல் என்றால் அவரிடம்தான் வருவார்கள். யார் பேசினாலும் முழுதாகப் பேசவிடுவார். பக்கத்தில் அவருடைய மச்சினன். சைக்கிள் கடைக்காரன். வழக்கு என்றால் பஞ்சரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவான்.

அவள் கோல்ஃப் கிளப்பில் புல்லையும் குழிகளையும் பராமரிக்கும் மேஸ்திரியின் மனைவி. கிளப்புக்கு இந்த வருஷம் நூறு வயது. சரித்திரப் புத்தகம் தயாராகிறது. அதற்காகப் பரணைக் குடைந்த தலைவருக்கு, மைதானம் போட்ட காலத்து வரைபடம் கிடைத்தது. "இது எங்க தாத்தா வரைஞ்சதுங்க" என்று மேஸ்திரி ஊரெல்லாம் சொன்னார். இன்று காலை நூலக அறையில் படத்தைக் காணவில்லை. ஏழு மணிக்கு மேஸ்திரி ஜன்னல் வழியாக இறங்கி ஓடினதைப் பார்த்ததாகச் செயலாளர் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. வேலையோடு வந்த வீடும் போகப்போகிறது.

"ஏழு மணிக்கு அவர் எங்கம்மா இருந்தார்?"

"பம்பு ஷெட்டுல. தனியாத்தான்."

தெருவில் மச்சினன் கிசுகிசுத்தான். "அத்தான், ஆளுக்குப் படத்து மேல கண்ணு. சாட்சி வேற இருக்கு. எனக்கென்னமோ இடிக்குது."

"எனக்கும்தான் மாப்பிள்ளை. நட."

கிளப் வரவேற்பறையில் ஆள் உயர ஓவியம் ஒன்று தொங்கியது. செயலாளரின் தாத்தா. கீழே பித்தளைத் தகட்டில், 'மைதானத்தை வடிவமைத்தவர்'.

பேரன் தன் அறையில் இருந்தார். வெள்ளை ஷூ பளிச்சென்றிருந்தது. மூலையில் மட்டைப் பை.

"ஒன்பதாவது கிரீன்ல இருந்தேன். கொடி குளத்தோரமா இருந்தது. பந்தைக் குழிக்குள்ள தட்டிட்டு நிமிர்ந்தா, நேர் எதிர்ல நூலக ஜன்னல். இறங்கிட்டிருந்தான்."

"காலைலயும் இதே ஷூதானா?"

"இதேதான். நான் என்ன சேத்துல வேலை செய்றவனா?"

வாசல் போர்டில் அன்றைய குழிகளின் இடங்கள் எழுதியிருந்தன. ஒன்பது: குளத்தோரம். ஆனால் ஒன்பதாவது கிரீனில், ஒட்ட வெட்டிய அந்தப் புல்திட்டில், குழியில் நட்ட கொடி மேல் பக்கம், மரங்களுக்குப் பின்னால் நின்றது. அங்கிருந்து ஜன்னல் தெரியவில்லை.

மச்சினன் துள்ளினான். "அத்தான்! அந்தாளு புளுகுறாரு!"

"பறக்காதே. ஏழு மணிக்கப்புறம் மேஸ்திரியே மாத்தியிருக்கலாம்."

மேஸ்திரி பம்பு ஷெட் நிழலில் உட்கார்ந்திருந்தார். நேற்றுவரை அவரோடு டீ குடித்தவர்கள் தள்ளிப்போய் நின்றார்கள்.

"பைப் வெடிச்சு குளத்தோரம் சொதசொதன்னு கிடந்ததுங்க. அதான் அஞ்சரைக்கே மேல குழி வெட்டிட்டேன். போர்டு முந்தின நாளே ஆபீஸ்ல எழுதறது. அதுல கை வைக்க எனக்கு உரிமை இல்ல."

"தினம் குழி மாறுமா?"

"ஒரே இடத்துல விட்டா சுத்தி மிதிபட்டுப் புல் செத்துடும். புதுக் குழி வெட்டும்போது புல்லோட வர்ற மண்கட்டியைப் பழைய குழியில வச்சு அடைப்போம். வட்டமா தழும்பு நிக்கும். மறைய பத்து நாள் ஆகும்."

மச்சினன் கிரீன் முழுக்க மண்டிபோட்டுத் தேடினான். நடுவில் நேற்றையது, இடப்பக்கம் முந்தாநாளையது, இன்னும் எட்டு பழையவை. குளத்தோரம் கணுக்கால்வரை புதைந்ததுதான் மிச்சம். அங்கே ஒரு தழும்பும் இல்லை.

ஐந்து மணிக்கு நூலகத்தில் கூடினார்கள். தலைவர், மேஸ்திரி, வாசலை அடைத்தபடி அவர் மனைவி. செயலாளர் வீட்டுக்குக் கிளம்பியவர். தோளில் மட்டைப் பையோடு வந்தார்.

"மேஸ்திரி பேச்சை நம்பி என்னை விசாரிக்கறீங்களா?"

"அவர் பேச்சையும் நான் நம்பலை. புல்லைத்தான் நம்பறேன்" என்றார் சர்வேயர். "இன்னைக்குக் குளத்தோரம் குழி இருந்திருந்தா, அடைச்ச தழும்பு இருக்கணும். இல்லை. பத்து நாளா அங்க யாரும் குழி வெட்டலை. நீங்க பந்து தட்டினது எந்தக் குழியில?"

செயலாளர் தோளிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தார்.

"அங்க நின்னிருந்தா உங்க ஷூவும் என் மச்சினன் காலும் ஒரே நிறமா இருக்கும். நீங்க போர்டைப் பார்த்துச் சாட்சி சொன்னீங்க. மைதானத்துல காலே வைக்கலை. ஆடாத ஆளுக்கு மட்டைப் பை எதுக்கு?"

"அத்தான், நான் பார்க்கட்டுமா?" மச்சினன் கை நீட்டுமுன் தலைவரே பையை வாங்கிக் கவிழ்த்தார். மட்டைகளுக்கு நடுவே சுருட்டிய வரைபடம். வரைந்தவர் என்ற இடத்தில் மேஸ்திரியின் தாத்தா பெயர். சரிபார்த்தவர் என்ற இடத்தில் செயலாளரின் தாத்தா கையெழுத்து.

"புத்தகத்துல முதல் அத்தியாயமே எங்க தாத்தாதான்" என்று முனகினார் செயலாளர். "இது அச்சுல வந்தா எங்க குடும்பத்துக்கு என்ன மிஞ்சும்?"

தலைவர் கதவைச் சாத்தப் போனார். மேஸ்திரி மனைவி நகரவில்லை.

"சரி, நமக்குள்ள இருக்கட்டும்" என்றார் தலைவர். "மேஸ்திரி, நாளைக்கே வேலைக்கு வா. வீடு உனக்குத்தான். படமும் புத்தகத்துல வரும். போதுமா?"

"காலைல வராந்தால நாப்பது பேர் முன்னாடி திருடன்னீங்க" என்றார் மேஸ்திரி. "இல்லைங்கறதை மட்டும் ரூமுக்குள்ள சொல்றீங்க."

தலைவர் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் உறுப்பினர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்ட ஆட்களும் படியோரம் வந்து நின்றார்கள். தலைவர் தொண்டையைச் செருமி, தரையைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"கேக்கலைங்க" என்றாள் மேஸ்திரி மனைவி பின்னாலிருந்து. "காலைல சொன்ன சத்தத்துல சொல்லுங்க."