மாலை ஆறு மணி அளவு

2019 ஆகஸ்ட் 6. பெரு நாட்டின் வடகரை, சான் லாசரோ குடா. காலை ஆறு மணிக்குக் கடல்நீரின் வெப்பம் 36.8 டிகிரி.

எர்லிண்டா எச்சே வாளியை மறுபடி இறக்கினாள். பதினோரு வருடமாகக் கடலுக்குள் நீளும் இந்த மரப்பாலத்தின் முனையில் நின்று அளக்கிறாள். ஆகஸ்டில் பதினெட்டைத் தாண்டிப் பார்த்ததில்லை. இப்படிப் பல கரைகளிலிருந்து வரும் எண்களைக் கோத்துத்தான் வரும் பருவம் வெள்ளமா வறட்சியா என்று தலைநகரில் கணிக்கிறார்கள். மூடுபனிக்குள் ஒரு பறவைச் சத்தமும் இல்லை, அலையும் அடிக்கவில்லை, தூண்களைச் சுற்றி நீர் மட்டும் தூங்குகிறவரின் மார்பைப் போல மெதுவாக ஏறி, சற்று நின்று, மெதுவாக இறங்கியது. வாளியிலிருந்து வந்தது உப்பு வாடையல்ல, இரவெல்லாம் யாரோ போர்த்திப் படுத்த போர்வையின் வாடை.

மறுபடியும் 36.8. மனித உடம்பின் சூடு.

தலைநகர அலுவலகத்து வில்மரைப் போனில் பிடித்தாள்.

“அக்கா, செயற்கைக்கோள் பதினேழுங்குது. நீங்க மீன் சூப்புக்குள்ள விட்டு அளந்தீங்களா?”

“வெப்பமானிய மாத்தியும் பாத்துட்டேன் தம்பி. துறைமுகத்த மூடச் சொல்லு. என் வீட்டுக்காரரு படகு இன்னிக்கு உள்ள வருது. ஆறு பேரு.”

“வர்ற படகத் தடுக்க என்னால ஆகாது. கிளம்புறத வேணா சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன். ஆறு மணிக்கும் இதே நம்பர் வந்தா மூடிடலாம். ரெண்டு அளவும் ஒத்துப்போகணும்ல?”

அவள் கணவன் சாந்தோஸ் கடலுக்குப் போய்ப் பதினான்கு நாள். படகை ரேடியோவில் எச்சரிக்கத் துறைமுகக் காவலரின் காலைப் பிடிக்காத குறை. உத்தரவில்லாமல் ரேடியோவைத் தொட விடமாட்டேன் என்றார். நண்பகலில் 37.4. மூன்று மணிக்கு 38.

நாலரைக்குப் பனிக்குள் எஞ்சின் சத்தம். வாளியைப் பாலத்தில் அடித்தாள்.

“உள்ள வராத, சாந்தோஸ். திரும்பிப் போ.”

எஞ்சின் நின்றது. பாலத்துக்கு நேர் எதிரே.

பன்னிரண்டு நிமிடம். ஒரு குரலும் இல்லை.

பிறகு படகு வந்தது. ஆறு பேரும் இருந்தார்கள்.

“ஏண்டி இப்படிக் கொதிக்கிற?” என்று சாந்தோஸ் அவள் கன்னத்தைத் தொட்டான். பனிக்கட்டிப் பெட்டியில் கிடந்தது போன்ற விரல்கள்.

வீட்டில் கட்டிலில் படுத்தான். பசிக்கிறது என்றான். மார்பு அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் வெப்பமானியை அவன் கக்கத்தில் வைத்தாள். விதிப்படி மூன்று நிமிடம். எடுத்தாள். மணி ஆறு. வில்மரிடமிருந்து போன்.

“இப்ப எவ்வளவுக்கா?”

கண்ணெதிரே இருந்த எண் மட்டுமே வாயில் வந்தது.

“பதினேழு புள்ளி ரெண்டு.”

“பாத்தீங்களா. இதுக்குப் போயி பயந்தீங்க.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். போன் வைக்கப்பட்டிருந்தது. திரும்ப அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. கட்டிலில் சாந்தோஸ் எழுந்து உட்கார்ந்தான். இமைக்கவில்லை.

மாலை ஆறு மணி அளவு 17.2 என்று பதிவானது. அன்றைய அறிக்கை, பருவம் இயல்பு என்றது. மறுநாள் காலை சான் லாசரோவிலிருந்து நாற்பத்தொரு படகுகள் கடலுக்குப் போயின.