துடைக்கக் கூடாத கண்ணாடி

இந்த உலகத்தில் காணாமல்போன எந்தப் பொருளும் துப்பறிவாளரின் கண்ணிலிருந்து தப்பியது கிடையாது. அவரே அப்படித்தான் சொல்வார். 'எங்கள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது' என்று அவருடைய பெயர்ப்பலகையிலும் தங்க எழுத்தில் எழுதியிருந்தது. அந்தப் பலகையைத்தான் கொஞ்ச நாளாகக் காணவில்லை.

சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது கழற்றியது, அப்புறம் கண்ணிலேயே படவில்லை. துப்பறிவாளரின் மச்சினனுக்கு இதில் பலத்த சந்தேகங்கள் இருந்தன. பெயின்டர் மேல் சந்தேகம், கீழ்த்தளத்துத் தையல்காரர் மேல் சந்தேகம், தபால்காரர் சிரிக்கிற விதத்தில் ஒரு சந்தேகம். அக்கா புருஷனிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாள் முதல் அவன் யாரையும் நேராகப் பார்த்ததில்லை. சொந்தச் செலவில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருந்தான். செய்தித்தாளைக்கூட அதில்தான் படித்தான்.

அன்று காலை இரண்டு பெண்கள் உள்ளே வந்து, பெஞ்சின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி, வட்டாரமே 'பளிச்சக்கா' என்று கூப்பிடும் அலுவலகத் துப்புரவுக்காரி. துப்பறிவாளரின் அறையையும் அவள்தான் துடைத்துத் தருகிறாள். இன்னொருத்தி அவளுடைய நாத்தனார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள்.

"சார், என் தொழில் போகப்போகுது" என்றாள் பளிச்சக்கா.

தொழில் வளர்ந்த கதை அந்த வட்டாரத்துக்கே தெரியும். முதலில் ஒரு பல் வைத்தியரின் அறையை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தாள். பல் வைத்தியர் பக்கத்து ஆடிட்டரிடம் சொன்னார். ஆடிட்டர் வக்கீலிடம் சொன்னார். வக்கீல் வாயைத் திறக்கவில்லை, ஆனால் அவருடைய கட்சிக்காரர்கள் நாற்காலிக் கையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே விசாரித்தார்கள். இப்போது பழைய வேலையை விட்டுவிட்டு அவளை நம்பி வந்த சில பெண்கள், தவணையில் வாங்கிய தரை மெருகேற்றும் மெஷின், மேஜைக்கு நீலத் துணி, கழிவறைக்குச் சிவப்புத் துணி என்று கறாரான சட்டதிட்டம். பெரிய கட்டடம் ஒன்றில் மேல்மாடி மட்டும் அவள் வசம் இருந்தது. கட்டடம் முழுவதையும் அவளிடமே விடுவது பற்றி நாளைக்கு முடிவு.

"வாளியும் துடைப்பமும் யார் வேணா வாங்கலாம் சார். ஆபீஸ் சாவியை நம்பிக் கொடுக்கணும், அதுதான் என் தொழில். இன்னைக்குக் காலையில மேல்மாடித் தலைவர் எல்லார் முன்னாடியும் சாவியைத் திருப்பி வாங்கிட்டார். நியூஸ் பரவிச்சுன்னா மத்தவங்களும் கையை நீட்டுவாங்க."

"எந்தத் தலைவர்?"

"தலைமைப் பண்பு சொல்லிக் கொடுக்கிறாரே, அவர். அவர் ரூம் அலமாரியில ஒரு கண்ணாடிக் கேடயம் இருந்துச்சு. உலகத்திலேயே சிறந்த தலைவர்னு வெளிநாட்டுல கொடுத்ததாம். நேத்து சாயங்காலம் இவதான் அந்த ரூமைத் துடைச்சா. காலையில கேடயத்தைக் காணோம்."

"நான் எடுக்கல அண்ணி."

"எடுத்தேன்னு நான் சொன்னேனா?"

"வாய் சொல்லல. மூஞ்சி சொல்லுது."

மச்சினன் பூதக்கண்ணாடியை முதலில் நாத்தனார் மேலும், நியாயம் கருதிப் பிறகு அண்ணி மேலும் பிடித்துப் பார்த்தான். துப்பறிவாளர் அவசரப்படவில்லை. மேஜைக்கு அடியில் கிடந்த ஒரு மரத்துண்டின் மேல் பாதங்களை வசதியாக வைத்துக்கொண்டு யோசிப்பது அவர் வழக்கம். அப்படி வைத்துக்கொண்டு, "இவங்க வேலை எப்படி?" என்று கேட்டார்.

"திருட்டுப் புத்தி இருக்கா இல்லையான்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார். ஒரு குறை மட்டும் தெரியும். சோப்பை அள்ளிக் கொட்டுவா. நுரை வந்தாத்தான் சுத்தம்னு நினைப்பு. தரை காய்ஞ்ச பிறகும் பிசுபிசுன்னு கிடக்கும். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப்போச்சு."

"நேத்து எவ்வளவு ஊத்தினீங்க?"

நாத்தனார் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். "கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

"கேன் மூடி கழண்டு விழுந்துடுச்சு."

"அப்புறம் நல்ல தண்ணியில அலசி விட்டீங்களா?"

"அலசினா நுரை போயிடுமே?"

பளிச்சக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். துப்பறிவாளர் மட்டும் நல்ல செய்தி கேட்டவர்போலத் தலையாட்டினார். "துடைச்சு முடிச்சு எப்படி வெளியே வந்தீங்க?"

"ஜன்னல் பக்கம் ஆரம்பிச்சு, துடைச்சுக்கிட்டே பின்னால நகர்ந்து வாசலுக்கு வருவோம். அப்பத்தான் நம்ம கால்தடம் விழாது. வந்து கதவைப் பூட்டிச் சாவியை அண்ணிகிட்ட கொடுத்துட்டேன்."

"அப்ப கேடயம் அலமாரியில இருந்துச்சா?"

"எங்க சார் தெரியுது? அலமாரிக் கண்ணாடி முழுக்க அழுக்கு. ஜன்னல், மேஜை, அவர் போட்டோ எல்லாத்தையும் துடைக்கலாம், அந்தக் கண்ணாடியை மட்டும் தொடக் கூடாதுன்னு தலைவர் உத்தரவு."

"தினமும் துடைக்க ஆள் வெச்சுக்கிட்டு, பரிசு இருக்கிற அலமாரியை மட்டும் துடைக்கக் கூடாதா?" என்றார் துப்பறிவாளர். "கிளம்பு மாப்ளே. நீங்க ரெண்டு பேரும் கூட வாங்க."

*

தலைவரின் அலுவலகத்தில் நுழைந்ததுமே, சுவரில் தலைவர் ஒரு படத்தில் தொலைதூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு படத்தில் அதைவிடத் தொலைவில் பார்த்தார். மூன்றாவது படத்தில் பிரேம் வரைக்கும் மட்டும்தான் இடமிருந்தது, ஆகையால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். 'நேர்மையே தலைவனின் முதுகெலும்பு' என்று எதிரே ஒரு பலகை.

வருகிறவர்களை வரவேற்கும் முன்மேஜைப் பெண் எழுந்து நின்றாள். அழுதிருந்தாள்.

"நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க சார். கேடயத்தை அலமாரியிலேர்ந்து வெளியே வெச்சுக் கிட்டத்துல படம் எடுக்கணும், அதுல எழுதியிருக்கிறதை அப்படியே போடணும்னு நேத்துத்தான் போன் பண்ணாங்க. நான் போய்ச் சொன்னப்ப தலைவருக்குப் பேச்சே வரலை. அவ்வளவு சந்தோஷம். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

உள்ளேயிருந்து மேலாளர் வந்தார். "இதுக்கெல்லாம் துப்பறியணுமா? தொடைக்க வர்றவங்க கையில சாவி கொடுத்தா இதான் நடக்கும். என் மைத்துனர் இதே தொழில்லதான் இருக்கார். ஆளுக்கு யூனிஃபார்ம், தொப்பி எல்லாம் உண்டு."

"தலைவர் ரூம் சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்று பாய்ந்தான் மச்சினன்.

"தலைவர்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, இந்தம்மாகிட்ட இருந்தது ஒண்ணு."

மச்சினன் அத்தானின் காதில், "முடிஞ்சுபோச்சு அத்தான், இந்த ஆள்தான். சாவி இருக்கு, மைத்துனரும் இருக்கார்" என்றான். மைத்துனர் என்ற உறவின் மேலேயே அவனுக்கு நம்பிக்கை கிடையாது. தானும் அந்த உறவுதான் என்பது அவனுக்கு அப்போது நினைவில்லை.

அப்போது தலைவர் வந்தார். கையில் ஒரு தோல்பை. ஒவ்வோர் அடிக்கும் தரையில் 'சப்... சப்...' என்று சத்தம். இவ்வளவு பெரிய மனிதரைப் பிரியத் தரைக்கே மனம் வரவில்லைபோலும் என்று மச்சினன் மெய்சிலிர்த்தான்.

"நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்" என்றார் தலைவர். மேடையில் பேசிப் பேசி அவருக்கு வீட்டில் தண்ணீர் கேட்பதும் அந்தத் தமிழில்தான். "காலையில் கதவைத் திறந்தேன். வாசலில் நின்றபடியே பார்த்தேன். அலமாரி காலி. ஓர் அடிகூட உள்ளே எடுத்து வைக்கவில்லை. தடயம் அழியக் கூடாதல்லவா? உடனே பூட்டிவிட்டேன். அதற்குப் பிறகு யாரையும் அனுமதிக்கவில்லை."

"ரொம்ப முன்யோசனை" என்றார் துப்பறிவாளர்.

"அதுதான் தலைமைப் பண்பு."

முன்மேஜைப் பெண் எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். தலைவர் பையை இடுக்கிக்கொண்டே கோப்பையை வாங்கினார். சட்டையில் இரண்டு சொட்டு சிந்தியது. அப்போதும் பையைக் கீழே வைக்கவில்லை.

அறைக் கதவைத் திறந்ததும் துப்பறிவாளர் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, கன்னம் தரையில் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்தார். எதிர் ஜன்னலின் வெளிச்சத்தில் தரை முழுவதும் பால் ஏடு படிந்தாற்போல மங்கலாக மின்னியது. அந்த ஏட்டின் மேல் செருப்போ ஷூவோ நடந்த தடம், வாசலிலிருந்து அலமாரிக்கு ஒரு வரிசை, அலமாரியிலிருந்து வாசலுக்கு ஒரு வரிசை.

"மாப்ளே, இங்கேயிருந்து அலமாரியைப் பார். உள்ளே என்ன தெரியுது?"

மச்சினன் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தான். வெறுங்கண்ணாலும் பார்த்தான். "புழுதிதான் தெரியுது அத்தான். உள்ளே ஒரு ஆள் நின்னாக்கூடத் தெரியாது."

ஆர்வம் தாங்காமல், தடங்களின் ஓரமாகவே அலமாரி வரைக்கும் நடந்துபோய்க் கதவைத் திறந்தான். காலி. திரும்பி வந்து வராந்தாவில் கால் வைத்தபோது அவனுடைய செருப்பு 'சப்' என்றது. இன்னோர் அடி வைத்தான். அதுவும் 'சப்'. காலைத் தூக்கிப் பார்த்தான். அடிப்பாகம் முழுக்கப் பிசுக்கு.

"என்ன அத்தான் இது, ஒட்டிக்கிட்டு வருது?"

"எல்லாரையும் முன்னறைக்குக் கூப்பிடு" என்றார் துப்பறிவாளர்.

*

தலைவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார், மடியில் பை. மற்றவர்கள் நின்றார்கள். பளிச்சக்கா நாத்தனாரைவிட்டுத் தள்ளியே நின்றாள்.

"எல்லாரும் ஒரு தடவை இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் நடங்க" என்றார் துப்பறிவாளர்.

மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். அவருடைய முணுமுணுப்பு மட்டும்தான் கேட்டது. முன்மேஜைப் பெண்ணின் செருப்பு 'டக் டக்' என்றது. பளிச்சக்கா சத்தமில்லாமல் நடந்தாள். நாத்தனார் வெறுங்கால். மச்சினன் நடந்தான்: சப், சப், சப்.

"இவன் இப்பத்தான் தலைவர் ரூமுக்குள்ள போயிட்டு வந்தான்" என்றார் துப்பறிவாளர். "நேத்து அந்த ரூம்ல சோப்பு கேன் மூடி கழண்டு கொட்டிடுச்சு. அலசவும் இல்லை. தரையில பிசுக்கு படிஞ்சு கிடக்கு. அதுல யார் நடந்தாலும் செருப்பு இப்படித்தான் பேசும். தலைவரே, நீங்களும் ஒரு நடை நடக்கிறீங்களா?"

"நான் ஏன் நடக்க வேண்டும்?"

"வேண்டாம். வர்றப்பவே நடந்து காமிச்சிட்டீங்க. சப் சப்னு வந்தீங்களே."

மச்சினனுக்குச் சிலிர்த்த மெய் மெதுவாகத் தணிந்தது.

"இன்னொண்ணு. வாசல்ல நின்னுக்கிட்டே அலமாரி காலின்னு கண்டுபிடிச்சதாச் சொன்னீங்க. அந்தக் கண்ணாடி வழியா எதுவுமே தெரியாது. துடைக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டதும் நீங்கதான். உள்ளே ஒரு கேடயம் இருக்குன்னு எல்லாரும் நம்பணும், அதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது. இத்தனை நாள் அது போதுமா இருந்துச்சு. நாளைக்குப் பத்திரிகைக்காரங்க கிட்டத்துல வந்து படிக்கப்போறாங்கன்னதும் கேடயம் தொலைஞ்சுபோறதைத் தவிர வேற வழியில்லை. பழியைப் போடத் தோதா நேத்து ஒருத்தங்க துடைச்சுட்டுப் போயிருக்காங்க. காப்பி சிந்தினாக்கூட அந்தப் பையைக் கீழே வைக்கலையே, என்ன இருக்கு அதுல?"

"சொந்த ஆவணங்கள்" என்றார் தலைவர். சொல்லிக்கொண்டே பையை இறுக்க, உள்ளே 'ணங்' என்றது.

மேலாளர்தான் கையை நீட்டினார். பையின் ஜிப்பைத் திறந்து கேடயத்தை மேஜைமேல் வைத்தவரும் அவர்தான். அதன் மேல் வருஷக்கணக்கில் படிந்த தூசி. பளிச்சக்கா இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்தாள். நீலத் துணிதானா என்று பார்த்துக்கொண்டு, ஒரே இழுப்பில் துடைத்தாள். முன்மேஜைப் பெண் குனிந்து வாய்விட்டுப் படித்தாள்:

"தலைமைப் பண்புப் பயிற்சி முகாம். எல்லா வகுப்புகளுக்கும் தவறாமல் வந்தமைக்கு."

யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

தலைவருக்கு முதல்முறையாகச் சாதாரணத் தமிழ் வந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. நாலு பேர் என்னை நம்பிப் பணம் கட்டிப் படிக்கிறாங்க."

"என்னையும்தான் நாலு பேர் நம்பி வந்திருக்காங்க" என்றாள் பளிச்சக்கா. "நீங்க எதுக்குப் பரிசு வாங்கினீங்கன்னு எனக்குக் கவலையே இல்லை. கட்டட ஆபீசுக்கு இப்பவே போன் பண்ணி, தப்பு உங்களோடதுன்னு சொல்லுங்க. அப்புறம் சாவியைக் கொடுங்க. எல்லார் முன்னாடியும்தானே வாங்கினீங்க, அதே மாதிரி கொடுங்க. என் கையில வேணாம். இவ கையில."

தலைவர் போன் செய்தார். 'என் கவனக்குறைவு' என்று அவர் சொன்னதைப் பளிச்சக்கா தலையாட்டி மறுத்தாள். 'நானேதான் எடுத்து வெச்சிருந்தேன்' என்ற பிறகுதான் சரி என்று தலையசைத்தாள். பிறகு சாவியை நாத்தனாரின் கையில் வைத்தார். அவள் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அண்ணியைப் பார்த்தாள்.

படியிறங்கும்போது பளிச்சக்கா சொன்னாள்: "இனிமே சோப்பை அளவா ஊத்து."

"நேத்து அளவா ஊத்தியிருந்தா, அண்ணி..."

"தெரியும்டி. அதுக்காகத்தான் மெதுவாச் சொல்றேன்."

அடுத்த மாடிப்படியில் அவர்கள் இருவரும் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள்.

*

மறுநாள் கட்டடம் முழுவதும் கைக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இருவரும் துப்பறிவாளரின் அறையை மூலைமுடுக்கு விடாமல் கழுவ வந்தார்கள். துப்பறிவாளர் நாற்காலியில் சாய்ந்து, மரத்துண்டின் மேல் பாதங்களை வைத்தபடி மச்சினனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"கண்ணு எல்லாருக்கும் இருக்கு மாப்ளே. காலடியில கிடக்கிறதைப் பார்க்கத் தெரியணும். அதுதான் துப்பறியறது."

"ஆமா அத்தான். நம்ம பெயர்ப்பலகை விஷயத்துல எனக்கு இப்ப பெயின்டர் மேல இருந்த சந்தேகம் தபால்காரர் மேல திரும்பியிருக்கு."

"அவசரப்படாதே. ஆளைப் பிடிச்சிடுவேன்."

"காலைத் தூக்குங்க சார்" என்றாள் நாத்தனார். தூக்கினார். அவள் குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து அந்த மரத்துண்டை வெளியே இழுத்து, இரண்டு பக்கமும் துடைப்பதற்காகத் திருப்பினாள்.

தங்க எழுத்துகள் அப்படியே இருந்தன. துப்பறிவாளர் அத்தனை நாளும் கால் வைத்துக்கொண்டிருந்தது தன் பெயர்ப்பலகையின் மேல்தான்.