நீலச் சாக்பீஸ் ஜன்னல்

வக்தியின் சவரக்கடை ஒரு பழைய கன்டெய்னர். ஒருகாலத்தில் அதில் வெங்காயம் ஏற்றிக் கடல் கடந்தார்களாம். மழை பெய்தால் இன்றைக்கும் லேசாக வெங்காயம் மணக்கும். எகிப்துத் துறைமுகமான போர்ட் சைதின் அந்தப் பேட்டையில் எல்லாமே அப்படித்தான். பள்ளிக்கூடம், மருந்துக்கடை, ரொட்டிக்கடை, வீடு என்று, கப்பல்காரன் கழித்துப்போட்ட பெட்டி எதுவும் அங்கே சும்மா கிடக்காது.

அன்று காலை துறைமுகப் போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற நஸ்மி பாஷா கன்னம் நிறைய நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அப்போதுதான் ஷெஹாத்தாவின் அம்மா படியேறி வந்தாள். பேட்டையில் எல்லோருக்கும் அவள் உம் ஷெஹாத்தா. மகன் ஷெஹாத்தா போன இலையுதிர்காலத்தில் மீன்பிடிக்கப் போன படகோடு காணாமல் போனான். படகின் ஒரு பலகைகூடத் திரும்பவில்லை.

"பாஷா, என் பிள்ளையை ரெண்டாந்தரம் கொன்னுட்டாங்க" என்றாள்.

வக்தி கத்தியைக் கீழே வைத்தான். அவனுக்குத் துப்பறிவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பாஷாவோ பாதி முகச் சவரத்தோடே அவளுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. நடந்ததை மொதல்லேருந்து சொல்லு."

"என் வீட்டுப் பெட்டிக்கு ஜன்னல் வெட்டணும்னு சாக்பீஸால கோடு போட்டு வச்சிருந்தான். நீல சாக்பீஸ், பள்ளிக்கூடத்துல வாங்கினது. கடல் பக்கச் சுவத்துல ஜன்னல், பக்கத்துல அலமாரி, எதிர்ச்சுவத்துல தொட்டில். படகுலேருந்து வந்து வெட்டுறேன்னான். வரல. அந்தக் கோட்டை வெட்ட நான் யாரையும் விடல பாஷா. அவன் கை பட்டது அது ஒண்ணுதானே இருக்கு. பாத்தா தாங்க முடியலேன்னு நாப்பதாம் நாளு முடிஞ்சதும் ஒரு துப்பட்டியை மேல தொங்கவிட்டேன். நேத்து அவன் பொறந்த நாளு. தூக்கிப் பாத்தா, சுவரு மொட்டையா நிக்குது. ஒரு கோடு இல்ல."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன சந்தேகம். என் மருமக கவ்கப்தான். கட்டிலுக்கு அடியில ஈரத்துணியைச் சுருட்டி வச்சிருந்தா, நானே எடுத்தேன். அவளோட அண்ணன் வேற அவளுக்கு மறுகல்யாணம் பேசுறானாம். புருஷன் நினைப்பு இருந்தா அது எப்படி நடக்கும்? ராத்திரியில கதவைத் திறந்து வேற வைக்கிறா. என் பிள்ளை வாசம் வெளிய போகட்டும்னுதானே? கல்நெஞ்சுக்காரி. அவ மூட்டையைக் கட்டி வாசல்ல வச்சுட்டேன். சாயங்காலம் அண்ணன்காரன் வந்து கூட்டிட்டுப் போவான். அதுக்குள்ள அவ வாயாலயே ஒப்புக்க வைங்க பாஷா. அது போதும் எனக்கு."

"அவ என்ன சொல்றா?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறா. குத்தம் இல்லாதவ வாயை மூடிட்டு இருப்பாளா?"

பாஷா மீதி முகத்தைத் தண்ணீரால் கழுவிவிட்டு எழுந்தார். அரைத் தாடியோடு அவர் நடந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

வாசலில் ஒரு துணிமூட்டை. அதன் பக்கத்தில் கவ்கப், கல்லில் கம்பளிகளை வெயிலுக்கு விரித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. துரத்திவிடப்பட்டவள் இன்னும் வீட்டுக் கம்பளியைக் காய வைக்கிறாளே என்று வக்தி நினைத்துக்கொண்டான். ஆனாலும் ஈரத்துணி ஈரத்துணிதானே?

உள்ளே பகலிலும் விளக்கு எரிந்தது. காற்று கனமாக இருந்தது. மூலையில் ஷெஹாத்தாவின் மீன்பிடிச் சட்டை ஆணியில் தொங்கியது. அதற்குக் கீழே கரி அடுப்பு. வந்தவர்களுக்கு டீ போடாமல் அனுப்பினால் அவமானம் என்று கவ்கப் உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். தீக்குச்சி ஒவ்வொன்றாக நமுத்துப்போய் இழுபட்டது. சர்க்கரை டப்பாவில் இருந்தது பாறை. கரண்டிக் காம்பால் இடித்துத்தான் எடுத்தாள்.

பாஷா கடல் பக்கச் சுவரைத் தடவினார். பிறகு துப்பட்டியைப் புரட்டி அதன் உட்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கட்டிலுக்கு அடியில் கிடைத்த துணியைக் கேட்டு வாங்கி, முகர்ந்து, வக்தியிடம் நீட்டினார்.

"என்ன நிறம்?"

"அழுக்கு நிறம், பாஷா."

"வேற?"

"வேற என்ன, அழுக்குதான்."

எதிர்ச்சுவருக்கு அந்தப் பக்கம் பயூமியின் ரொட்டிக்கடை. அந்தச் சுவரில் கை வைத்தால் இளஞ்சூடு. அங்கே, கம்பளி மறைவில், நீலத்தில் ஒரு சின்னக் கொக்கியும் அதன் கீழே ஒரு அரைவட்டமும் பளிச்சென்று இருந்தன.

"இது தொட்டிலுக்கு" என்றாள் கவ்கப். அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது. "ரொட்டி அடுப்புச் சூட்டுல புள்ளைக்குக் குளிராதுன்னார்." அவளுக்குப் பிள்ளை இல்லை.

வக்தி பாஷாவை வெளியே இழுத்துவந்தான். "எனக்குப் புரிஞ்சுபோச்சு. பயூமிதான்! மாவு மூட்டை போட இந்தப் பெட்டியை விலைக்குக் கேட்டான், கிழவி தரல. கோடு போயிட்டா மனசு விட்டுத் தருவான்னு கணக்குப் போட்டிருக்கான்."

"அழிக்க வந்தவன் தொட்டிலை மட்டும் ஏன் விட்டான்? இரக்கப்பட்டா?" என்று கேட்டுவிட்டு, பாஷா பெட்டியைச் சுற்றி நடந்தார். மேல் ஓரத்தில், சிறிய துளைகளோடு தகட்டு மூடி ஒன்று இருந்தது. எல்லாக் கன்டெய்னருக்கும் இருக்கும் காற்றுத்துளை. அதன் மேல் கறுப்பு டேப் கனமாக ஒட்டியிருந்தது. நான்கு மூலையிலும் அப்படியே.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். அவர் முகம் அப்படி விழுந்து வக்தி பார்த்ததில்லை.

"கவ்கப்பைக் கூப்பிடு. அவ மாமியாருக்குத் தெரியாம" என்றார்.

அவள் வந்தாள். பாஷா டேப்பைக் காட்டினார். அவள் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"சொல்லாதீங்க பாஷா. உங்க காலைப் பிடிக்கிறேன். நான்தான் அழிச்சேன்னு சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

"பண்ணாத பழியை ஏன் சுமக்குறே?"

"என்னைத் திட்டினா அவங்களுக்கு ஆறும். தானே அழிச்சுட்டோம்னு தெரிஞ்சா உயிர் தங்காது."

வக்திக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாஷா குரலைத் தாழ்த்தினார்.

"ராத்திரி கதவைத் திறந்து வைக்கிறது நீதானே? கரி அடுப்பு உள்ள எரியுது, காத்துத்துளை அடைச்சிருக்கு. நீ போயிட்டா அந்தக் கதவை யாரு திறப்பா? நான் பொய் சொன்னா உன் மாமியா கரிப் புகையில ஒரே ராத்திரியில போய்ச் சேந்துடுவா பொண்ணே."

கவ்கப் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பயூமியையும் கூப்பிட்டு எல்லோரையும் உள்ளே உட்கார வைத்தார் பாஷா. மாவுக் கையோடு வந்த பயூமி, "நான் என்னய்யா பண்ணினேன்?" என்று முணுமுணுத்தான்.

"நீ பண்ணினது ஒரு நல்ல காரியம்தான். உன் அடுப்பு ஒரு கோட்டைக் காப்பாத்துச்சு" என்றார் பாஷா. பிறகு கிழவியின் பக்கம் திரும்பினார். "உம் ஷெஹாத்தா, இந்தத் துணியைப் பாரு. இதால சாக்பீஸைத் துடைச்சிருந்தா நீலம் ஒட்டியிருக்கணும். துளி நீலம் இல்ல. இது தரையைத் துடைச்ச துணி. நீ கண் முழிக்கிறதுக்குள்ள தினமும் காலைல அவ தண்ணியைத் துடைச்சிருக்கா."

"எந்தத் தண்ணி? கூரை ஒழுகலையே."

"கூரை ஒழுகல. இப்ப துப்பட்டியோட உள்பக்கத்தைப் பாரு."

அவள் புரட்டினாள். மேலிருந்து கீழ்வரை, அழுத கண்ணிலிருந்து மை இறங்கினாற்போல, நீலக் கோடுகள் இறங்கியிருந்தன.

"கோடு இங்கதான் இருக்கு" என்றார் பாஷா மெதுவாக. "முப்பது வருஷம் நான் கன்டெய்னரைத் திறந்து பாத்தவன். காத்துத்துளை அடைஞ்ச பெட்டியில காப்பிக்கொட்டை வந்தா, நனைஞ்சு பூஞ்சை பிடிச்சிருக்கும். வெளியில மழையே இருக்காது. உள்ள இருக்கிற ஈரம் குளிர்ந்த இரும்புல பட்டு வடியும். இங்க ரெண்டு பேரு மூச்சு விடுறீங்க. டீ கொதிக்குது. சர்க்கரை பாறையாகுது, தீக்குச்சி நமுக்குது, கம்பளி தினமும் காயணும். கடல் பக்கச் சுவரு ராத்திரி பூரா வேர்த்து அந்தத் துப்பட்டியை நனைச்சுது. ரொட்டிக்கடைச் சுவரு சூடா இருந்ததால வேர்க்கல. தொட்டில் தப்பிச்சுது."

வக்திக்குக் கண்டுபிடித்த சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை, எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"டேப்பு ஒட்டினது நான்" என்றாள் உம் ஷெஹாத்தா.

"தெரியும்மா."

"அவன் சட்டை இருக்கு, மெத்தை இருக்கு. வாசம் போயிடக் கூடாதுன்னு ஒட்டினேன். என் பிள்ளையை நானே..." அவள் மார்பில் அறைந்துகொள்ளக் கையை ஓங்கினாள். கவ்கப் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அவ்வளவு பேசினேன். கல்நெஞ்சுக்காரின்னு தெருவுல நின்னு கத்தினேன். ஒரு வார்த்தை சொன்னா என்னடி?"

"எப்படிம்மா சொல்வேன்?"

உம் ஷெஹாத்தா கையை விடுவித்துக்கொண்டு வெளியே போய், முக்காலியைப் போட்டு ஏறினாள். வக்தி உதவப் போனான்; பாஷா கண்ணால் தடுத்தார். நகத்தால் சுரண்டிச் சுரண்டி அவளே டேப்பை உரித்தாள். கடல் காற்று உள்ளே புகுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை ஆட்டியது.

இறங்கி வந்தவள் அந்தச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"கவ்கப். உண்மையைச் சொல்லு. அவன் வாசம் இதுல இன்னிக்கு வரைக்கும் இருந்துச்சா?"

கவ்கப் பாஷாவைப் பார்த்தாள்.

"அது மொத மாசமே போயிடுச்சும்மா" என்றாள். "பூஞ்சை வாசம்தான் இருந்துச்சு. நீங்க மோந்து மோந்து பாத்து சந்தோஷப்பட்டீங்க. எனக்குச் சொல்ல மனசு வரல."

கிழவி சட்டையை மடித்தாள். ஓரங்களைச் சரிபார்த்து, இன்னொரு முறை மடித்தாள். பிறகு வாசலுக்குப் போய், தானே கட்டி வைத்த மூட்டையைத் தூக்க முயன்றாள். கனமாக இருந்தது போலும், தரையோடு இழுத்துக்கொண்டே உள்ளே வந்தாள். கவ்கப் மறுமுனையைப் பிடித்தாள்.

"உன் அண்ணன் வந்தா டீ குடுத்து அனுப்பு" என்றாள் உம் ஷெஹாத்தா. "சர்க்கரையை மட்டும் வெயில்ல வை."