அடுத்தவர் உடலில் ஒரு மணி நேரம்

பிலோமினா கட்டிலில் படுத்து மெய்யுணரி வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அடுத்த ஒரு மணி நேரம் அவள் உடல் அவளுடையதல்ல, அமிர்தலிங்கத்தினுடையது. பக்கவாதத்தில் பேச்சிழந்த அந்த எழுபது வயதுக்காரரின் நரம்புகளில் முந்தைய நாள் ஓடியதையெல்லாம் அவர் கழுத்தில் கிடந்த இந்த வளையம் பதிந்து வைத்திருந்தது. முதியோர் பராமரிப்பு இல்லங்களைத் தணிக்கை செய்கிறவர்கள் இப்போது பதிவேடுகளை நம்புவதில்லை. இப்படிப் படுத்துப் பார்க்கிறார்கள்.

முதலில் தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பிறகு இடுப்பின் வலப்புறத்தில் தீப்பட்டாற்போல் எரிச்சல். புரண்டு படுக்க நினைத்தாள், கால் வரவில்லை. யாரோ விரிப்பை இழுத்துச் சரிசெய்தார்கள். அவரைத் தொடவில்லை.

எழுந்தபோது வியர்வையில் நனைந்திருந்தாள். இல்லத்தின் மேலாளர் தனுஷ்கோடி பதிவேட்டை நீட்டினார்.

“ரெண்டு மணிக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்கிறோம் மேடம். எழுதியிருக்கு பாருங்க.”

“எழுதியிருக்கு. திருப்பல. படுக்கைப்புண் எலும்பு வரைக்கும் போயிருக்கு சார். இத அஞ்சு நிமிஷம் நீங்க மாட்டிப் பாருங்க.”

இரண்டாவது நிமிடத்தில் அவர் வளையத்தைப் பிடுங்கி எறிந்தார். தானே போய் அமிர்தலிங்கத்தை மெல்லப் புரட்டிப் படுக்கவைத்து, கரண்டியால் தண்ணீர் புகட்டினார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிலோமினா அங்கேயே முடிவெடுத்தாள். தணிக்கை அதிகாரி ஆண்டுக்கு ஒருமுறை உணர்ந்து என்ன பயன்? மேலாளர் தினமும் உணர வேண்டும். எழுதிக் கேட்டபோது மேலிடத்தில் சிரித்தார்கள், அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் விடவில்லை. பதினான்கு மாதங்களுக்குப் பிறகு ஆணை வந்தது: இல்லத்தில் மிகுந்த வேதனையில் இருப்பவரின் மெய்யுணரியை அங்கே பொறுப்பிலிருப்பவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் அணிய வேண்டும்.

ஆறே மாதத்தில் படுக்கைப்புண்கள் மறைந்தன. மாவட்டத்தின் எல்லா இல்லங்களும் முழு மதிப்பெண் வாங்கின.

அப்போதுதான் ரஹ்மத் என்ற பெண் தன் தந்தைக்கு இடம் கேட்டு பிலோமினாவின் அலுவலகத்துக்கு வந்தாள்.

“அத்தாவுக்கு முதுகெலும்புல புற்றுநோய் மேடம். பதினோரு இல்லத்துல கேட்டுட்டேன். கட்டில் காலியாத்தான் கெடக்கு. சேக்க மாட்டேங்கிறாங்க.”

அந்தப் பதினொன்றில் தனுஷ்கோடியின் இல்லமும் ஒன்று. பிலோமினா அவளை அழைத்துக்கொண்டு நேரே அங்கே போனாள்.

“அவர் வலிய தெனம் ஒரு மணி நேரம் நான் தாங்கணும். என்னால முடியாது மேடம்,” என்றார் தனுஷ்கோடி. “எப்படி இருக்கும்னு எனக்குக் காட்டினதே நீங்கதான்.”

அவர் குரலில் கேலி இல்லை. மேசையில் புதிய சேர்க்கைப் படிவம் இருந்தது. முதல் கேள்வி: வலி எவ்வளவு? இத்தனை ஆண்டுகள் யாரும் கேட்காத கேள்வியை இப்போது வாசலிலேயே கேட்கிறார்கள், உள்ளே விடாமல் இருப்பதற்காக.

“அத்தா எங்க?” என்று ரஹ்மத்திடம் கேட்டாள் பிலோமினா.

“வெளிய, ஆட்டோல.”

“கட்டில ஒதுக்குங்க சார். அவரோட வளையத்த தெனம் ஒரு மணி நேரம் உங்களுக்குப் பதிலா நான் மாட்டிக்கிறேன்.”

மறுநாள் காலையிலிருந்து மற்ற பத்து இல்லங்களும் அவளை அழைத்தன. எத்தனை வலியோடு யார் வந்தாலும் இடம் இருக்கிறது என்றார்கள். வந்து மாட்டிக்கொள்ள அவளுக்கு எந்த நேரம் வசதிப்படும் என்று மட்டும் கேட்டார்கள்.