ஓடையில் இல்லாத குழந்தை

மருத்துவமனைக் கதவு திறக்கவில்லை. கைக்குழந்தையோடு கஸ்பார் மறுபடியும் அதன்முன் நின்றான்.

"இப்படி ஒருவர் பிறக்கவில்லை" என்றது கதவு.

"நேத்து வரைக்கும் திறந்துச்சே மேடம்! புள்ளைக்கு மூச்சு இழுக்குது!" என்று பக்கத்தில் நின்ற பெனிட்டாவிடம் கத்தினான் கஸ்பார்.

பெனிட்டாவுக்குப் புரிந்துவிட்டது. வெண்தீவில் செய்தியோடையை நிறுவ வந்த பொறியாளர் அவள். கதவு, படகு, மருந்து எல்லாமே அந்த ஓடையில் வரும் செய்தியைக் கேட்டுத்தான் இயங்கும். ஒவ்வொரு செய்தியும் மூன்று கணினிப் பெட்டகங்களில் பதிவாகும். அவற்றில் இரண்டு ஒத்துக்கொண்டால் அதுவே உண்மை. பெட்டகங்களைக் கண்காணித்து, செத்ததை உயிர்ப்பிக்கும் நிரலுக்கு மேய்ப்பான் என்று பெயர். இரண்டு பெட்டகங்கள் கரையில், ஒன்று தீவில்.

புயலில் தீவைக் கரையோடு இணைக்கும் கடலடி வடம் அறுந்தபோது தீவுப் பெட்டகம் தனித்துப்போய் முடங்கியது. ஒரு கதவும் திறக்கவில்லை. "துணை வேண்டாம், தனியாகவே பதிந்துகொள்" என்று உத்தரவிட்டவள் பெனிட்டாதான். அந்த நாட்களில்தான் கஸ்பாரின் மகள் பிறந்தாள். இன்று காலை வடம் இணைந்தது. கரையின் இரண்டு பதிவுகளோடு தீவின் பதிவு முரண்படுவதைக் கண்ட மேய்ப்பான், பெனிட்டா கற்றுக்கொடுத்தபடியே, தீவின் புயல் நாட்களை அழித்துவிட்டது.

சுவரில் தொங்கிய தீயணைப்புக் கோடரியை எடுத்துக் கதவின் கண்ணாடியை உடைத்தாள் பெனிட்டா. செவிலி ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

பிறகு பெனிட்டா தீவு முழுக்க ஒலிபெருக்கியில் அறிவித்தாள்: "புயல் நாட்களில் நடந்ததை ஒவ்வொருவரும் ஓடையில் மறுபடி சொல்லுங்கள்."

கஸ்பார்தான் முதலில் சொன்னான். மகள் பிறந்த நாளையும் அவள் பெயரையும் சொன்னான். அவனைத் தொடர்ந்து திருமணங்கள், பிரசவங்கள், கரைசேர்ந்த படகுகள் என்று ஓடை நிறைந்தது. சாயங்காலம் குழந்தை சீராக மூச்சுவிட்டது.

ஆனால் காவல் ஆய்வாளர் ஸ்டெல்லா முகம் வாடி வந்தாள்.

"கடையை உடைச்சு திருடிட்டாங்கன்னு புயல்ல ஒருத்தர் புகார் கொடுத்தார் மேடம். இப்ப திருப்பிச் சொல்ல மாட்டேங்கிறார்."

"ஏன்?"

"திருடினது அவர் மகன்தானாம். இவர் மட்டுமில்ல. சண்டை, அடிதடி... எதையுமே யாரும் திருப்பிச் சொல்லல."

"நீங்க சொல்லலாமே?"

ஸ்டெல்லா வாசலைப் பார்த்தாள். அங்கே ஏழெட்டுப் பேர் தயங்கி நின்றார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்க கேக்கச் சொன்னாங்க. நானும்தான் கேக்கறேன். வடத்தை வேணும்னே ஒரு நாள் அறுத்துவிட முடியுமா மேடம்? அன்னிக்கு நடக்கிறதும் இப்படியே அழிஞ்சிடுமில்ல?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள் பெனிட்டா. ஆனால் எந்த நாளில் அறுக்கலாம் என்ற யோசனை அதற்குள் அவளுக்குள்ளும் ஓடத் தொடங்கியிருந்தது.