கட்டம் காலியாக இருக்கக் கூடாது

காலை பத்து மணிக்கு ஆழ்குடிலின் தொண்ணூற்றாறு சர்வர்களும் ‘நலம்’ என்றன. பத்து பத்துக்கும் நலம். பத்து இருபதுக்கும் நலம். தூத்துக்குடிக் கரைநிலையத்தில் அந்த ஷிப்டுக்குப் பொறுப்பான முறைத்தலைவர் சூசை மச்சாது திரையைப் பார்த்தபடியே வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மூவாயிரம் மீட்டர் ஆழத்தில், கடலடி உயிர்களை ஆராய இறக்கியிருந்த அந்த இரும்புக் குடிலில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அவருடைய மகள் செலஸ்டினா. மகள் இருக்கும் இடம் நலம் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கக் கொடுத்துவைத்த அப்பன் உலகத்தில் எத்தனை பேர்?

எல்லாம் பொதுச்செவி என்ற மென்பொருளின் புண்ணியம். அது வருமுன் சர்வர்களிடம் நிலைப்பதிவு வாங்குவது பெரும்பாடு. குடிலில் மூன்று விதமான இயங்குதளங்கள். ஒன்று தும்மினால்கூட எழுதிவைக்கும். இன்னொன்று பழுது வந்தால் மட்டும் எழுதும். மூன்றாவது கேட்டால்தான் வாயைத் திறக்கும், அதுவும் அதன் கட்டளைமொழியில் கேட்க வேண்டும். பொதுச்செவி மூன்றையும் கேட்டு ஒரே அட்டவணையில் கட்டம் கட்டமாக நிரப்பித் தந்தது. உலகத்துக் குடில்கள் நாற்பத்தொன்றிலும் இப்போது அதுதான். பழைய கட்டளைகளை எல்லோரும் நிம்மதியாக மறந்துபோனார்கள்.

இணைப்புப் பொறியாளர் ஆவுடைச்செல்வி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவள் முகம் சரியில்லை.

“அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு கேபிள கழட்டி மாத்துனோம்லா?”

“ஆமா. பன்னெண்டு நிமிசம்.”

“அந்தப் பன்னெண்டு நிமிசமும் கீழ இருந்து ஒண்ணும் வந்திருக்க முடியாது. ஆனா நாலு பத்துக்கு அறிக்க வந்திருக்கு. தொண்ணூத்தாறும் நலம்னு.”

மச்சாது வடையைக் காகிதத்தில் வைத்தார். “பொறவு அனுப்பியிருக்கும்.”

“இல்ல. நாலு பத்துக்கே இங்க பதிவாகியிருக்கு. யாரு சொன்னா அண்ணாச்சி அத?”

யார் சொன்னது என்று மச்சாதுவுக்குத் தெரிந்துவிட்டது.

பொதுச்செவி சும்மா கற்றுக்கொள்ளவில்லை. அட்டவணை எப்படி இருக்க வேண்டும் என்று அதற்குக் காட்ட மாதிரி கேட்டார்கள். பதினான்கு வருடப் பணிமுறைப் பதிவேடுகளை மச்சாதுதான் பெருமையோடு தூக்கிக் கொடுத்தார். மணிக்கு ஒருமுறை கரைநிலையத்துச் சர்வர் கூடத்தைச் சுற்றிவந்து வெப்பத்தை அளந்து எழுத வேண்டும் என்பது விதி. யார் சுற்றினார்கள்? முறை முடியும் நேரத்தில் டீயை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரத்துக்கான எட்டு வரிகளையும் ஒரே மூச்சில் எழுதுவதுதான் வழக்கம். 24.1, 24.0, 24.2 என்று இயல்பாகத் தெரியும்படி எழுத வேண்டும். மச்சாது அதில் மன்னன், பேனாவைக்கூட மாற்றி மாற்றி எழுதுவார். தணிக்கைக்காரர்கள் அளவைப் பார்க்க மாட்டார்கள், கட்டம் காலியாக இருந்தால்தான் மெமோ வரும்.

அதைத்தான் பொதுச்செவி கற்றிருந்தது. பதில் வராவிட்டால் முந்தைய வரியைச் சற்றே மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். கட்டம் காலியாக இருக்கக் கூடாது.

“நேரடியா கேப்போம்,” என்றார் மச்சாது. “மொதல்ல மூச்சுச்சலவை.”

விடும் மூச்சைச் சுத்தம் செய்யும் இயந்திரம் அது. மூன்று சர்வர்கள் அதை ஓட்டின. மூன்றும் ஒரே நேரத்தில் படுக்காது என்ற நம்பிக்கையில் இயங்குதளத்துக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள். சர்வர் செத்தாலும் அதன் பலகையில் தனி மின்கலத்தில் ஓடும் சிறு சில்லு கடைசிப் பதிவுகளைக் காப்பாற்றி வைத்திருக்கும். அதைக் கேட்கும் பழைய கட்டளைகளை மச்சாதுவின் விரல்கள் தடுமாறித் தடுமாறி நினைவுக்குக் கொண்டுவந்தன.

முதல் சர்வர் அறுநூறு வரி எழுதியிருந்தது. மூன்றும் இருந்த கூட்டின் குளிர்நீர் நின்றுவிட்டது, சூடு, சூடு என்று கதறி, அதிகாலை 4:12-க்கு நின்றுபோயிருந்தது. இரண்டாவது ஒரே ஒரு வரி எழுதிவிட்டு 4:15-க்குச் செத்திருந்தது. மூன்றாவதை யாரும் கேட்காததால் அது யாரிடமும் சொல்லாமலே போய்விட்டது.

ஆறரை மணி நேரம். மச்சாது ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

“செலஸ்டினா! ஏ புள்ள, கேக்குதா?”

வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது. “அப்பா... தலை வலிக்கி. தூக்கமா வருது.”

“மத்தவங்க?”

“கர்வாலோ அங்கிள் தூங்குதாரு. நளாயினி அக்காவும்தான். எழுப்புனா எந்திக்க மாட்டேங்காங்க. சுவத்துத் திரையில எல்லாம் நலம்னுதான்ப்பா இருக்கு.”

சுவர்த்திரைக்கும் பொதுச்செவிதான் எழுதித் தந்தது.

“திரைய விடு. போயி மூச்சுச்சலவையத் தொட்டுப் பாரு. கையில ஆடுதா?”

தட்டுத் தடுமாறிப் போகும் சத்தம். “இல்லப்பா. ஆடல. சும்மா கெடக்கு.”

“கைமானிய எடுத்துக் காத்தைப் பாரு. கரி எவ்வளவு?”

“நாலு... நாலு புள்ளி ரெண்டு.”

கரிக்காற்று, அதாவது கரியமில வாயு, அரை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. குடிலை உடனே மேலே விட வேண்டும். ஆனால் குடிலைக் கடலடியில் பிடித்துவைத்திருக்கும் எழுபூட்டு உள்ளிருந்து திறக்காது. முன்பொரு குடிலில் யாரோ பயந்து திறந்து ஒரு வருட ஆராய்ச்சியைப் பாழாக்கியதால், பொதுச்செவியின் அட்டவணை ஆபத்து என்றால் மட்டுமே பூட்டு திறக்கும்படி செய்திருந்தார்கள். கைப்பதிவு செய்யும் உரிமை முறைத்தலைவருக்கு உண்டு. மச்சாது 4.2 என்று அடித்தார்.

‘முந்தைய பதிவோடு பொருந்தவில்லை. பிழைப் பதிவு நீக்கப்பட்டது.’ கட்டத்தில் 0.4 வந்து உட்கார்ந்தது.

மறுபடி அடித்தார். மறுபடி 0.4.

“உண்மையத்தான அடிக்கோம்!” என்று ஆவுடைச்செல்வி கத்தினாள். “ஏன் எடுக்க மாட்டேங்கு?”

“உண்மை இப்படிக் குதிச்சு வந்து அது பாத்ததே இல்ல. நாங்க காட்டவே இல்லயே.”

மச்சாது வியர்வையைத் துடைத்தார். பதிவேட்டில் வராததை அது நம்பாது. அப்படியானால் பதிவேட்டைப் போலவே எழுத வேண்டும். கடந்த இரண்டு மணி நேரத்தின் கட்டங்களைத் திறந்தார். பின்தேதியிட்டு நிரப்பப் பொதுச்செவி தாராளமாக அனுமதித்தது, அதையும் அவர்களிடம்தானே கற்றிருந்தது. 0.4. 0.5. 0.5. 0.7. 0.6, ஆமாம், நடுவில் கொஞ்சம் இறக்க வேண்டும், அப்போதுதான் இயல்பு. 0.9. 1.3. பதினான்கு வருடக் கைப்பழக்கம் விரல்களில் ஓடியது. வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக அவர் பொய் எழுதியதில்லை. 1.8. 2.4. 3.1. கடைசியில் 4.2.

திரை ஒரு கணம் யோசித்தது. ‘ஆபத்து. எழுபூட்டு திறக்கிறது.’

ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்துக் குடில் நீருக்கு மேல் வந்தது. கதவைத் திறந்த காவல்படகுக்காரர்கள் மூவரையும் உயிரோடு தூக்கினார்கள். செலஸ்டினா படகிலேயே வாந்தியெடுத்தாள், பிறகு அப்பாவைக் கேட்டாள். அதைக் கேட்டதும் மச்சாது மேசையில் தலையை வைத்து அழுதார். ஆவுடைச்செல்வி அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் விசாரணை அதிகாரி வந்தார், தன்மையான மனிதர். மச்சாது எதையும் மறைக்கவில்லை. பதினான்கு வருடப் பதிவேடும் பொய், பொதுச்செவி கற்றது அந்தப் பொய்யைத்தான், குடிலைத் தூக்கிய எண்களும் தானே புனைந்தவை என்று நான்கு பக்கம் வாக்குமூலம் எழுதி, கையெழுத்தும் போட்டுப் பொதுச்செவியின் விசாரணைப் படிவத்தில் உள்ளிட்டார். வேலை போகும் என்று தெரியும். போகட்டும்.

மறுநாள் அதிகாரி அறிக்கையை அவர்முன் வைத்தார். முறைத்தலைவர் வாக்குமூலம் என்ற கட்டத்தில் இரண்டே வரிகள் இருந்தன: ‘எல்லாப் பதிவுகளும் முறைப்படி சுற்றிவந்து எடுக்கப்பட்டவை. கரிக்காற்று படிப்படியாக உயர்ந்தது உரிய நேரத்தில் கண்டறியப்பட்டது.’

“இது நான் எழுதுனது இல்ல சார்.”

“நீங்க எழுதுனது பொருந்தலன்னு பொதுச்செவி நீக்கிட்டு. போன வருசங்கள்ல நீங்க குடுத்த அறிக்கையோட இதுதான் ஒத்துப்போகுது.” அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “ஒங்களுக்கும் இது நல்லதுதான அண்ணாச்சி? பாராட்டு வரும் போலிருக்கு. ஒங்க எண்களத்தான் மத்தக் குடிலுக்கும் மாதிரியா அனுப்பப்போறாங்களாம்.”

“மத்த நாப்பது குடிலும்?”

“எல்லாம் நலம். இப்பதான் பாத்தேன்.”

“அங்க யாராவது எந்திச்சுப் போயி மெஷினத் தொட்டுப் பாத்தாங்களான்னு சொல்லுங்க சார்.”

அதிகாரி அட்டவணையை மேலும் கீழும் நகர்த்தித் தேடினார். அப்படியொரு கட்டமே அதில் இல்லை.