எஃப்ரைம் டாட்டை அறிந்த இருவர்

காலை ஆறு மணிக்குக் கட்டம் திறந்தது. ஊரே வேலையைப் போட்டுவிட்டுச் சுவர்த்திரை முன்னால் உட்கார்ந்துவிட்டது. மூன்றுக்கு மூன்று, ஒன்பது பெட்டிகள். மேலே அணிகளின் பெயர்கள், பக்கத்தில் சாதனைகள். இரண்டுக்கும் பொருந்துகிற பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். பேஸ்பாலை உலகத்தில் யாரும் ஆடி அறுபது வருடமாகிறது. இந்தப் போட்டிக்கு அது வாகாகப் போயிற்று.

பிரபலமான பெயரைச் சொல்லி இதில் ஜெயிக்க முடியாது. உயிரோடிருக்கும் தலைகளையெல்லாம் நினைவுமானி துழாவி, உங்களைத் தவிர எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று பெட்டியில் காட்டிவிடும். எண் குறையக் குறைய மதிப்பு. மாலை ஆறு மணிக்குக் கட்டம் மூடும்போது ஒன்பதும் பூஜ்யமாக நின்றால் முழுச் சூன்யம். இதுவரை எந்தக் கொம்பனும் அதைத் தொட்டதில்லை.

கோவை சிங்காநல்லூரில், பதினேழாம் மாடியில் குடியிருந்த நறுமுகைக்கு அது ஒன்றே குறி. முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு மதியம் ஆடிவிட்டு மளிகைக்கடைக்குத் திரும்பிப் போனவன்கூட அவளுக்கு அத்துப்படி. ஆனால் பாழாய்ப்போன பழக்கம் ஒன்று உண்டு. தோசை வார்க்கும்போது பெயர்களை வாய்விட்டு உருப்போடுவாள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கணவன் பரிதிக்கும் எல்லாம் மனப்பாடம். எந்தப் பெட்டியிலும் கடைசியில் 'ஒன்று' என்று நிற்கும். அந்த ஒன்று பரிதி.

அதற்கும் கருவி வந்திருந்தது. அழிப்பானை ஒருவர் காதில் மாட்டிப் பெயரைச் சொன்னால், அவர் நினைவிலிருந்து அந்தப் பெயர் போய்விடும். அதோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் சில சமயம் கூடவே போகும். மின்தூக்கியில் மகன் பெற்ற தாயிடமே, "நீங்க எந்த மாடிங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறான். அழித்தவரே பெயரை மறுபடி சொன்னால் எல்லாம் திரும்பிவிடும் என்பதால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. கட்டடத்தில் சண்டை சச்சரவே இல்லாமல் போய்விட்டது. அறியாதவரிடம் யார் சண்டை போடுவார்கள்?

அன்று மதியத்துக்குள் பரிதி எட்டுப் பெயர்களை விட்டுக்கொடுத்திருந்தான். ஒன்பதாவது பெட்டிக்குப் பொருந்துகிற ஆள் ஒருவன்தான், எஃப்ரைம் டாட். திரையில் 'ஒன்று'.

பரிதியின் முகம் மாறியது. "அது மட்டும் வேண்டாம் நறுமுகை. ஆவணக் கூடத்துல அந்தப் பேரைச் சத்தமா வாசிச்சு நீ சிரிச்சயே, அப்பத்தான் உன்னை மொதல்ல பார்த்தேன்."

"ஆறு மணிக்கு நானே திருப்பிச் சொல்லிடறனுங்க. ஒரு சாயங்காலந்தான."

அவள் கேட்டு அவன் மறுத்ததே கிடையாது. காதைக் காட்டினான்.

பெட்டி பூஜ்யமானது. பரிதி கண்ணைத் திறந்தான், வேட்டியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். "மன்னிச்சுக்குங்க, இது யாரு வீடுங்க?"

நறுமுகைக்குப் பயமாகத்தான் இருந்தது. காபி போட்டுக் கொடுத்தாள். நன்றி சொல்லி வாங்கிக் குடித்துவிட்டு, விருந்தாளிபோல அவன் ஆறு மணிவரை அடக்கமாக உட்கார்ந்திருந்தான்.

கட்டம் மூடியது. 'முழுச் சூன்யம். உலகில் முதல்முறை' என்று திரை ஒளிர்ந்தது. அதற்குக் கீழே, இதுவரை யாருக்கும் படிக்க வாய்க்காத விதி ஒன்று வந்தது: ஒன்பது பூஜ்யங்களும் நிலைக்கும்வரை பட்டம் உங்களுடையது.

பரிதி எழுந்தான். "நேரமாச்சுங்க, கெளம்பறேன். நமக்குள்ள முன்னாடி பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா? உங்க முகத்தைப் பார்த்தா என்னமோ கேக்கணும்னு தோணுது."

எஃப்ரைம் டாட், இரண்டே சொல். நாக்கு நுனியில் இருந்தது. அவள் அவனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். அவன் வாசலுக்குப் போய், அங்கே கிடந்த செருப்புகளில் தன்னுடையது எது என்று தெரியாமல் நின்றான்.

"அந்தப் பழுப்பு ஜோடிதானுங்க உங்களுது," என்றாள் நறுமுகை. "பார்த்துப் போங்க."